சாய்தளத்தில் நட்ட கம்பம்

அரசுக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருபது வருடமாகத் துணி தைக்கும் டெய்லர் அக்காவுக்கு ஒரு நாளும் அளவு தப்பியதில்லை. விபத்தில் இரண்டு காலும் போன பிறகும் மெஷினின் பெடலைக் கைக்கு மாற்றிக்கொண்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தைத்தாள். வாசலில் இருந்த நான்கு படிகள்தான் அவளை வீட்டோடு கட்டிப்போட்டன.

படியை எடுத்துவிட்டுச் சாய்தளம் கட்டித் தரச் சொல்லி வீட்டுவசதி அலுவலகத்தில் கேட்டாள். செருப்புத் தேய அலைய அவளுக்கு ஏது கால்? மூன்று வருடம் மனு மேல் மனுவாக எழுதிக் கைதான் தேய்ந்தது. சட்டம் கொடுத்த உரிமையைக் கேட்டவளுக்கு, பிச்சைக்காரியை விரட்டுவதுபோல் பதில் வந்தது.

ஒருவழியாகச் சாய்தளம் வந்தது. பத்தே நாளில், அதில் பைக்குகள் ஏறுகின்றன என்று சொல்லி, அதன் மேல்முனையில் நட்டநடுவே இரும்புக் கம்பம் ஒன்றை நட்டுவிட்டார்கள். 'வேலை முடிந்தது' என்று கையெழுத்து வாங்க வந்த மேற்பார்வையாளர் ஒரு காகிதத்தை நீட்டினார்.

அக்கா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே பிடித்தாள்.

"இருபது இன்ச். என் நாற்காலி இருபத்தாறு. அளக்காமயா சார் நட்டீங்க?"

"அளக்காம இருப்போமாம்மா? பைக்கை அளந்துதான் நட்டோம். ஒண்ணுகூட நுழையாது" என்றார் அவர், பெருமையாக.

அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. காகிதத்தை அவர் கையிலேயே திணித்தாள்.

"பைக்கு வச்சிருக்கிறவன் இறங்கி நடந்து போயிடுவான் சார். நான் இறங்கி எதால நடக்கட்டும்?"