பட்டுப்புடவை கேட்டதாகச் சொல்லப்பட்ட சகுந்தலா மேடம்

திருப்பதியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வெளித்தேர்வாளராக நின்றிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. ஒரு மாணவி ஊசலை ஆட்டிவிட்டு அலைவுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நகரியிலிருந்து சகுந்தலா மேடத்தின் தம்பி அழைத்தார்.

"சார், அக்கா பூட்டாங்க. டீ குடிச்சிக்கினு இருந்தாங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க."

அந்த மாணவி முடிக்கும்வரை காத்திருந்து, அவளுக்கு உரிய மதிப்பெண்ணைப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். பாதியில் கிளம்பியிருந்தால் மேடம் என்னை மன்னித்திருக்க மாட்டார்.

இரங்கல் கட்டுரையில் பகையை எழுதக் கூடாது என்பார்கள். நான் எழுதத்தான் போகிறேன்.

புத்தூர் அரசு ஜூனியர் கல்லூரியில் அவர் வேதியியல், நான் இயற்பியல். எங்கள் ஆய்வகங்களுக்கு நடுவே ஒரு சுவர்தான். "கை நனையாம கெமிஸ்ட்ரி வராது" என்று அவர் பிள்ளைகளை அதட்டுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒருமுறை சித்தூரில் ஒரு தனியார் கல்லூரிக்கு அவரைச் செய்முறைத் தேர்வு நடத்த அனுப்பினார்கள். ஆய்வகம் பூட்டிக் கிடந்தது. சாவியைத் தேடி எடுத்துத் திறந்தால், அமிலப் புட்டிகளின் மூடிகள்கூடப் பிரிக்கப்படவில்லை. ஆனால், எல்லாப் பிள்ளைகளும் விடைத்தாளில் முடிவை எழுதி வைத்திருந்தார்கள். நைட்ரேட் சோதனையில் பழுப்பு வளையம் தோன்றியது என்று எழுதிய ஒரு பெண்ணிடம் மேடம் கேட்டார்.

"எங்கம்மா வளையம்?"

"சார் எழுதச் சொன்னாரு மேடம்."

மேடம் அந்தப் பிள்ளைகளைச் செய்யச் சொன்னார். யாருக்கும் செய்யத் தெரியவில்லை. தெரியாததற்கு என்ன மதிப்பெண்ணோ அதைப் போட்டார்.

அந்தக் கல்லூரியின் தாளாளர் உடனே புகார் கொடுத்தார். தேர்வாளர் பட்டுப்புடவை கேட்டாராம், கொடுக்காததால் மதிப்பெண்ணைக் குறைத்தாராம். மேடத்தைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். வேறொரு தேர்வாளர் வந்து எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டார். விசாரணை இழுபட்டு, கடைசியில் புகார் பொய் என்று முடிந்தது. அதற்குள் நகரி முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. மேடத்தின் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார்.

"சாகறதுக்கு முன்னாடி எங்க நைனா என் கையப் புடிச்சிக்கினு, 'நெஜமா நீ பொடவ கேக்கலியாம்மா'ன்னாரு சார்" என்று மேடம் ஒருநாள் என்னிடம் சொன்னார். "இல்லன்னேன். அவரு மூஞ்ச திருப்பிக்கினாரு. பொய்ப் புகார் குடுத்த அந்தாள நான் உடமாட்டேன்."

அவர் விடவில்லை. சில வருடங்களுக்குப் பின் தேர்வு முறை மாறியது. ஒரு கல்லூரிப் பிள்ளைகள் வேறொரு கல்லூரிக்குப் போய்ச் செய்முறைத் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். அந்தத் தாளாளரின் பிள்ளைகள் எங்கள் கல்லூரிக்கு வந்தார்கள். தேர்வு தொடங்குமுன் அவரே காரில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, முகமெல்லாம் சிரிப்பு.

"பழசெல்லாம் மனசுல வெச்சிக்காதீங்க மேடம். பசங்கள கொஞ்சம் பாத்துக்கோங்க. உங்களுக்கு இன்னா வேணுமோ சொல்லுங்க."

மேடம் மேசையிலிருந்த பியூரெட் என்ற அளவுக் கண்ணாடிக் குழாயைக் காட்டினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். தாளாளரோடு வந்த அவருடைய கல்லூரி ஆசிரியர்கள் வாசலில் நின்றார்கள்.

"நான் பொடவ கேட்டேன்னு எழுதிக் குடுத்தீங்களே. அன்னிக்கி கேக்கல, இன்னிக்கி கேக்கறேன். பொடவ வேணாம். உங்க காலேஜ் போர்டுல உங்க பேருக்குக் கீழ எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரின்னு போட்டுக்கினு இருக்கீங்க இல்ல? இதுல பெர்மாங்கனேட்ட ரொப்பிக் காட்டுங்க, போதும்."

மறுக்க முடியாமல் அவர் குடுவையை எடுத்தார். குழாயின் அடியிலுள்ள திருகை மூட வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. ஊற்ற ஊற்ற ஊதா நிறக் கரைசல் சட்டையில் வழிந்தது. துடைக்கத் துடைக்கப் பரவியது. அவருடைய ஆசிரியர்களே தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"வெளிய போங்க. எக்ஸாம் ஆரம்பிக்கணும்."

அன்றும் அவரவர் செய்ததற்கே மதிப்பெண் விழுந்தது; பெரும்பாலோருக்குச் செய்யத் தெரியவில்லை. பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று நான் கேட்டேன்.

"ஒரு பாவமும் இல்ல சார். சொல்லிக் குடுக்கறேன்னு பீஸ் வாங்கிக்கினு லேப பூட்டி வெச்சவன அவங்க அம்மா அப்பா கேக்கட்டும்."

கேட்டார்கள். அந்தத் தனியார் கல்லூரி வாசலில் உட்கார்ந்து கேட்டார்கள். அடுத்த வருடம் அங்கே ஆய்வகப் பூட்டு திறக்கப்பட்டது. இப்போது திருப்திதானே என்றேன். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்க நைனா பாக்கலியே சார்."

நகரியில் மேடத்தின் உடல் வீட்டு முன்னால் கிடத்தப்பட்டிருந்தது. அவரிடம் படித்தவர்கள் தெருமுனை வரை நின்றிருந்தார்கள். அந்தத் தாளாளரும் பெரிய ரோஜா மாலையோடு வந்தார். படம் எடுக்க ஒருவன் முன்னால் ஓடி வந்து இடம் பிடித்தான். மேடத்தின் தம்பி என்னைப் பார்த்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"மாலை போடாதீங்க."

"செத்தவங்க கிட்ட இன்னா சார் பகை?"

"அவங்க போய்ட்டாங்க. நான் இருக்கேன். புகார் பொய்யின்னு இங்க, இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. சொல்லிட்டுப் போடுங்க."

அவர் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். மாலையைத் தூக்கிக்கொண்டு காருக்குத் திரும்பி நடந்தார். வழிநெடுக அதிலிருந்து இதழ்கள் உதிர்ந்தன. ஒருவரும் அவருக்கு ஒதுங்கி வழிவிடவில்லை.

போய் வாருங்கள் மேடம். அந்த மாலை உங்கள் மேல் விழவில்லை.