முக்கால் மணி நேரப் பாட்டு

எங்கள் சித்தப்பா வீட்டில் ஏழு கடிகாரங்கள் இருந்தன. மணி என்னவென்று மட்டும் யாருக்கும் தெரியாது. ஏழும் ஒன்றாக அடித்தால் எதன் குரலையும் தனியாகக் கேட்க முடியாதாம். அதனால் ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு நிமிடம் தள்ளி வைத்திருந்தார். மூன்று மணி அடிக்கத் தொடங்கினால் கால் மணி நேரம் அதே மூன்றுதான். சித்தி ரயில் சத்தத்தை வைத்துத்தான் உலை ஏற்றுவாள்.

செங்கல்பட்டு ரயில்வே குடியிருப்பிலிருந்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த எழுபதுகள் அவை. போகிறவர்கள் விட்டுப்போன மேசைக் கடிகாரங்கள் எப்படியோ சித்தப்பாவிடம் வந்து சேர்ந்தன. 'பிராக்கெட் கிளாக்' என்று பெயர் சொல்லும்போதே அவர் குரலில் ஒரு பயபக்தி வந்துவிடும். கறுத்த மரக்கூடு, உச்சியில் பித்தளைக் கைப்பிடி, உள்ளே கிண்ணம் கிண்ணமாக மணிகள். கால் மணிக்கொரு தரம் பாட்டு. அவர் நடத்தியது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். பத்து விரலும் சேர்ந்து சோறு போடும் தொழில். நாங்கள் அடுத்த வீடு. எனக்கு அப்போது ஒன்பது வயது, வாய் மட்டும் தொண்ணூறு. அந்தக் கடிகார அறைக்குள் போக சித்தப்பா அனுமதித்திருந்த ஒரே பிள்ளை நான்தான் என்பதில் எனக்குத் தலைக்கனம் வேறு.

எட்டாவது கடிகாரம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் பூட்டிக் கிடந்த ஒரு பங்களாவிலிருந்து வந்தது. திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில், குழந்தையை வைப்பதுபோல் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். உப்புக்காற்றில் திருகாணிகள் எல்லாம் துருப்பிடித்துப் போயிருந்தன. அப்படி வருவதை மண்ணெண்ணெய் தொட்டு இரண்டு நாள் ஊறவிட்டுத்தான் கை வைப்பார். அதற்கு முன் சாவி கொடுக்கவே மாட்டார். ஆனால் இதன் பாட்டை அவர் அதுவரை கேட்டதில்லை. ஆசை வெட்கமறியாது. வந்த அன்றே பாட்டுக்கான ஸ்பிரிங்குக்கு நாலு சுற்று சாவி கொடுத்துக் கேட்டுவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. சித்தி கருங்குழியில் தன் அக்கா வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாள். சாப்பாடு முடிந்து சித்தப்பா இயந்திரத்தைக் கூட்டிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். பிரிப்பதற்கு முன் ஸ்பிரிங்கை இறக்க வேண்டும். முறுக்கு திரும்பிவிடாமல் ஒரு சின்ன இரும்பு நாக்கு சக்கரப் பல்லில் முட்டிக்கொண்டு நிற்கும். சாவியைப் பிடித்துக்கொண்டு அந்த நாக்கை லேசாகத் தூக்கி, அரைச் சுற்று விட்டு, மறுபடி மாட்டி, மறுபடி அரைச் சுற்று. நூறு தடவை செய்த வேலை. அவர் ஸ்குரூ டிரைவரால் நாக்கைத் தொட்டார். டிக்கென்று ஒரு சத்தம். துருப்பிடித்த திருகாணி முறிந்து, நாக்கு பறந்துபோய்ச் சுவரில் அடித்தது.

சித்தப்பா இரண்டு கையாலும் சாவியைப் பற்றிக்கொண்டார். சாவி ஒரு துள்ளு துள்ளி நின்றது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"கிட்ட வராத. கத்தவும் கத்தாத" என்றார். "யாராச்சும் ஓடியாந்து மேசைய இடிச்சா பேஜாரு."

"இன்னா ஆச்சு சித்தப்பா?"

"வுட்டா வெரலு போய்டும்."

டைப்ரைட்டர் முன்னால் ஓடும் அந்த விரல்கள் கண்முன் வந்தன. பிடியை மாற்றவும் முடியாது, விடவும் முடியாது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு இயந்திரத்தையே பார்த்தார். பிறகு, "அது பாடிப் பாடித்தான் தீரணும்" என்றார்.

அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. பாட்டு ஓட ஓட ஸ்பிரிங் இளகும். ஆனால் ஒரு பாட்டு முடிந்ததும் உள்ளே ஒரு நெம்புகோல் விழுந்து சக்கரத்தை நிறுத்திவிடும். அது விழாமல் யாராவது தூக்கிப் பிடிக்க வேண்டும்.

"பின்னால வா பாப்பா. அந்த ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல ஒரு கம்பி கீது பாரு. வெரல வுட்டுத் தூக்கு. நான் சொல்ற வரைக்கும் எடுக்காத."

விரலை விட்டேன். கம்பி ஏறியது. பாட்டு தொடங்கியது.

அவ்வளவு இனிமையான பாட்டை அவ்வளவு பயத்தோடு நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. எட்டுச் சுத்தியல்கள் என் விரலுக்குப் பக்கத்திலேயே எழுந்து எழுந்து விழுந்தன. ஒரு சக்கரத்தின் பற்கள் நகத்தை உரசிக்கொண்டே போயின. பாட்டு முடிந்தது, நிற்காமல் மறுபடி தொடங்கியது. பத்து முறை வரை எண்ணினேன், அப்புறம் எண்ணிக்கை போய்விட்டது. மூக்கு நுனியில் தொங்கிய வியர்வையைத் துடைக்க சித்தப்பாவுக்குக் கை இல்லை. அலமாரியில் முதல் கடிகாரம் மூன்று அடித்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. ஏழாவதும் அடித்து ஓய்ந்தபோதும் பாட்டு நிற்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுப் பால்காரர் தலையை நீட்டினார்.

"இன்னா அண்ணாத்த, வூட்ல கச்சேரியா?"

"ஆமா" என்றார் சித்தப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு. "உள்ள வராத."

"ஷோக்கா கீது" என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னலோரமே நின்று தாளம் போட்டார். எனக்கு விரல் மரத்துப்போய்விட்டது. அழுகை வந்தது, ஆனால் அழுதால் உடம்பு குலுங்குமே என்று அதையும் விழுங்கினேன். முக்கால் மணி நேரம் ஆகி, கடைசியில் பாட்டு தளர்ந்தது. ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி, பிறகு இரண்டு மூச்சு. பாதிப் பாட்டில் ஒரு சுத்தியல் தூக்கியபடியே நின்றுவிட்டது. சித்தப்பா சாவியை மெல்ல விட்டார். அது அசையவில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் சித்தி வந்ததும் நான் ஓடிப்போய் மூச்சுவிடாமல் சொன்னேன். சித்தப்பாவின் விரலைக் காப்பாற்றியவள் நான்தானே! சித்தி அவருடைய வீங்கிய மணிக்கட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேசைக்குப் போய் அந்தச் சக்கரங்களைப் பார்த்தாள்.

"இதுக்குள்ளாறயா கொழந்தக் கைய வுடச் சொன்னீங்க?"

சித்தி என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். வெறும் எண்ணெய்தான், எப்போதோ போயிருந்தது. அவள் கழுவிக்கொண்டே அழுதாள். புருஷன் கை அப்படி வீங்கிக் கிடக்க, இவளுக்கு என் விரல் அழுக்கு பெரிதாகப் போய்விட்டதே, என்ன கல்நெஞ்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு கடிகார அறை பூட்டியிருந்தது. சித்தப்பா உள்ளே இருந்தார். நான் தட்டத் தட்டத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் என்னை உள்ளே விட்டதில்லை. நன்றி கெட்ட மனுஷர் என்று வருஷக்கணக்கில் கறுவிக்கொண்டிருந்தேன்.

என் கல்யாணத்துக்கு அந்த எட்டாவது கடிகாரத்தையே கொடுத்தார். ஓடியது, மணி அடித்தது, பாடவில்லை. பாட்டுக்குச் சாவி கொடுக்கும் துளையைப் பித்தளையால் அடைத்திருந்தார். உடைந்த சாமானைக் கொடுத்திருக்கிறாரே என்று புகுந்த வீட்டில் கூசிப்போனேன்.

சித்தப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்து அது நின்றுபோனது. கூடுவாஞ்சேரியில் ஒரு வயதான ரிப்பேர்க்காரர் பிரித்துப் பார்த்தார். "எல்லாம் நல்லாத்தான் கீதும்மா. பாட்டு ஸ்பிரிங்க மட்டும் யாரோ வேணும்னே எடுத்துட்டாங்க" என்றார். நான் பழைய கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்.

"சட்டுனு வுட்டுட்டு வெலகிக்கினா அவருக்கு ஒண்ணும் ஆயிருக்காதும்மா. மிஞ்சிப் போனா ரெண்டு பல்லு ஒடைஞ்சிருக்கும், கடிகாரம் போயிருக்கும். அவரு கை வழுக்கியிருந்தா உன் வெரலுதான் போயிருக்கும்."

கிணற்றடியும் சோப்பும் ஞாபகம் வந்தன. பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த மனிதரும் ஞாபகத்துக்கு வந்தார்.

"புது ஸ்பிரிங்கு கெடைக்கும். போட்டுடட்டா? பாடும்" என்றார் ரிப்பேர்க்காரர்.

வேண்டாம் என்றேன். சித்தப்பா எடுத்ததை நான் போடுவதாக இல்லை.