துணியில் சுற்றி வைத்த மெஷின்

குடவாசல் பக்கத்தில் ஒரு கிராமத்து மாட்டாஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராகச் சேர்ந்தபோது, அங்கே முடி வெட்டும் மெஷின்கள் இரண்டு இருந்தன. மாட்டுக்கு எதற்குக் கிராப்பு என்று இன்றைக்கும் என்னிடம் கேலியாகக் கேட்கிறார்கள். புண்ணைச் சுற்றி முடி இருந்தால் மருந்து முடியில்தான் ஒட்டும். சீழ் காய்ந்து பொருக்குத் தட்டும், ஈ வந்து உட்காரும். அதனால் முதலில் முடி, பிறகுதான் மருந்து. கரண்ட் கிடையாது, கையால் அழுத்தி வெட்டும் மெஷின். சலூனில் இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

ஒன்று சர்க்கார் கொடுத்த பழைய மெஷின், பூச்சு உரிந்தது. மற்றொன்று ஊர் மிராசுதார் புதிதாக வாங்கிக் கொடுத்தது. ஆஸ்பத்திரி நடந்ததே அவருடைய கட்டடத்தில்தான். தன் வீட்டு மாடுகளுக்கு அதை மட்டுமே போட வேண்டும், வேறு எவர் மாட்டுக்கும் அதைப் போடக் கூடாது என்று சொல்லியிருந்தார். சேரி ஆட்டின் மேல் பட்டது தன் உழவு மாட்டின் மேல் படக் கூடாது என்பதுதான் விஷயம். அவர் அதைச் சுத்தம் என்று சொன்னார். டாக்டர் தலையாட்டினார், நானும் ஆட்டினேன். மாயவரம் பக்கத்துச் சேரியில் பிறந்தவன் நான். தன் மெஷினைத் துடைத்து வைக்கிற கை எந்தத் தெருக் கை என்று மட்டும் அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை.

நில உச்சவரம்பு பற்றித்தான் அப்போது ஊரெல்லாம் பேச்சு. சட்டத்துக்குத் தப்பிக்க நிலத்தை உறவுக்காரன், உறவில்லாதவன் என்று கண்ட பெயருக்கெல்லாம் மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு வரப்பில் செங்கொடி நட்டிருந்தது. அதெல்லாம் நமக்கெதற்கு என்று நான் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

பழைய மெஷினை ஒவ்வொரு மாட்டுக்குப் பிறகும் கழற்றுவேன். திருகாணியை எடுத்து, பல் தகடுகள் இரண்டையும் பிரித்து, தேய்ந்த டூத் பிரஷ்ஷால் முடியைத் தட்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி, கிருமி கொல்லும் லோஷனில் ஊறப்போட்டு, ஈரம் போகத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயில் இரண்டு சொட்டு விடுவேன். எங்கள் பக்கத்து மழைக்காலத்தில் ஈரத்தோடு வைத்தால் மறுநாளே துருப்பிடித்துவிடும். சேரி ஆடு, கண்ட மாடு, எல்லாவற்றுக்கும் போடுவது என்பதால் இவ்வளவு கவனம். புது மெஷினை வெறும் துணியால் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிடுவேன். பெரிய வீட்டு மாட்டில் என்ன அழுக்கு இருந்துவிடப் போகிறது? இந்த நினைப்பு எனக்கு, அதுவும் எனக்கு, எப்படி வந்தது என்று யோசித்தால் இன்றைக்கும் என் மேல் எரிச்சல்தான் வருகிறது.

ஆற்றில் தண்ணீர் வந்து உழவு தொடங்கியது. மிராசுதார் சந்தையில் ஒரு ஜோடி மாடு வாங்கியிருந்தார். அதில் ஒன்றுக்குக் கழுத்தில் நுகத்தடி உரசிப் புண். முடி வெட்டும்போது புண்ணுக்குப் பக்கத்தில் காலணா அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. காய்ந்த சேறு என்று நினைத்தேன். மெஷினைத் துடைத்துச் சுற்றி வைத்தேன். அடுத்தடுத்து அந்த வீட்டு மாடுகள் ஐந்தாறு அதே மாதிரி நுகத்தடிப் புண்ணோடு வந்தன. எல்லாவற்றுக்கும் அதே மெஷினைப் போட்டேன். ஒரு மாதத்தில் அத்தனை மாட்டின் கழுத்திலும் படர்தாமரை. என் இடது மணிக்கட்டிலும் வட்டமாக ஒன்று வந்து அரித்தது. மற்ற வீட்டு மாடுகளில் ஒன்றுக்குக்கூட வரவில்லை.

மிராசுதாரின் காரியஸ்தர் ஒருநாள் காலையில் வந்தார். பின்னாலேயே அந்த வீட்டு மாடுகளைப் பார்த்துக்கொள்கிறவரும் வந்தார். சிறு வயதிலிருந்து அந்தக் கொட்டிலில் வேலை செய்தவர். அவர் முழங்கையைப் பிடித்து டாக்டரிடம் காட்டினார் காரியஸ்தர். அங்கேயும் அதே வட்டம்.

"பாருங்க டாக்டர், இவன் கையிலேருந்துதான் மாட்டுக்குப் போயிருக்கு. சேரியிலேருந்து கொண்டாந்துட்டான்."

"இல்லீங்க. மாட்டுக்கு வந்த பொறவுதாங்க எனக்கு வந்துச்சு."

"கொடி புடிக்கிற கைதானேடா அது. என்னதான் வராது?"

நான் சுருட்டியிருந்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டேன். எது எதிலிருந்து வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாதென்று டாக்டர் இழுத்தார். காரியஸ்தருக்கு அது போதும். அன்றைக்கே அந்த மாட்டுக்காரரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். குடிசை போட்டிருந்த மனையிலிருந்து கிளப்ப முடியாதபடி சட்டம் வந்திருந்தது. கொட்டிலை விட்டுக் கிளப்புவதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் புது மெஷினை முதல் தடவையாகக் கழற்றினேன். தகடுகளுக்கு நடுவே முடி மெத்தையாக அடைந்து கிடந்தது. அதற்குள் தவிடு மாதிரி வெள்ளைச் செதில்கள். மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டேன். எல்லாம் புரிந்துவிட்டது.

பத்து நாள் நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான் காரணம். எங்கள் குடும்பத்தில் சர்க்கார் வேலைக்கு வந்த முதல் ஆள் நான். பதினோராம் நாள் டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. குடையை எடுத்துக்கொண்டு மிராசுதார் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"அப்ப அந்த மெஷின வேற எவன் மாட்டுக்கோ போட்டிருக்கீங்கன்னு சொல்றார்யா. இல்லவே இல்லைன்னேன், நம்பல. கொட்டிலுக்கு வேற ஆளு வெச்சாச்சாம்."

அன்றிலிருந்து இரண்டு மெஷினையும் ஒரே லோஷன் தட்டில் ஊறவைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, கொட்டில் வேலை போன அந்த மாட்டுக்காரர் தன் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். தோளில் கட்டி. இப்போது என்ன வேலை என்று கேட்டேன். கிடைக்கிற அன்றைக்கு நாற்றுக்கட்டு தூக்கப் போவதாகச் சொன்னார். கொடி நட்ட ஆள் என்று கூப்பிட யோசிக்கிறார்களாம். டாக்டர் வெளியே போயிருந்தார். நான் சட்டைக் கையை மேலே தள்ளி மணிக்கட்டைக் காட்டினேன். ஆறிப்போய்த் தழும்பு மட்டும் இருந்தது. நடந்ததைச் சொன்னேன், அந்தப் பத்து நாளையும் சேர்த்து. எனக்கு வெட்கமாக இருந்தது. திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது.

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"துணியில சுத்தி வெச்சிருப்பீங்களே, அதுலேருந்தா?"

"ஆமா."

"எங்க ஆட்டுக்குப் போடுறத கழுவுனீங்களா?"

"ஒவ்வொரு தடவையும் கழுவுனேன்."

ஆட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நன்றாக வெட்டுமே என்று தட்டிலிருந்து புது மெஷினை எடுத்தேன். அவர் ஆட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அது வேணாம் சார். பெரிய வீட்டு மாட்டுக்குப் போட்டது."

"இப்ப ரெண்டையும்தான் கழுவுறேன்."

"இருக்கட்டும் சார். எங்க மெஷின எடுங்க."

அதைக் கீழே வைத்துவிட்டுப் பழையதை எடுத்தேன். பல் மழுங்கிய மெஷின். ஒரே இடத்தில் இரண்டு மூன்று தடவை ஓட்ட வேண்டியிருந்தது. முடிக்கிற வரைக்கும் அவர் ஆட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.