திருச்சிக்குப் போன பொன்னாடை

போன வாரம் ஒரு முட்டாள்தனம் பண்ணேன். பொதுவா இதையெல்லாம் வெளிய சொல்ல மாட்டேன்... ஆனா ஹால்ல இருந்த அம்புட்டுப் பேரும் ஸ்கிரீன்லயே பாத்துட்டாங்க. இனி மறைச்சு என்ன பண்ண?

நான் வேலை பாக்குறது திண்டுக்கல்ல ஒரு காலேஜ். எங்க கெமிஸ்ட்ரி ஜெசிந்தா மேடம் ரெண்டு வருஷமா பிரின்சிபாலோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்தாங்க. "சுற்றுச்சூழல் கருத்தரங்குன்னு போட்டுட்டு, ஒருத்தரு ஒரு மணி நேரம் பேச வெளியூருக்குக் கார் அனுப்புறோம். அந்தப் புகை யாரு தலையில சார்? ஆன்லைன்ல பேச வைப்போம்!"

கடைசியில பிரின்சிபால் இறங்கி வந்தாரு. "ஒரு தடவ பாப்போம்மா. சரியா வந்தா இனிமே எல்லாமே அப்புடித்தான். சொதப்புச்சுன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

மேடத்துக்கு அம்புட்டு சந்தோஷம். ஏற்பாட்டுக்கு என்னையக் கூட்டுச் சேத்துக்கிட்டாங்க. பாவம்!

சீஃப் கெஸ்ட், திருச்சியில இருக்குற ஒரு ரிட்டயர்டு பேராசிரியர். அவரு வீட்டுலயே உக்காந்து பேசுவாரு, நாங்க இங்க கேப்போம். லிங்க் அனுப்பியாச்சு. வேலை முடிஞ்சது.

கருத்தரங்குக்கு முந்தின நாள் மதியம் பிரின்சிபால் கேட்டாரு — "பொன்னாடை?"

நம்ம ஊர்ல மைக் இல்லாமக்கூட கூட்டம் நடந்திருக்கு. பொன்னாடை இல்லாம நடந்திருக்கா?

"கூரியர்ல அனுப்பிருவோம் சார்"னு சொல்லிட்டு மேடம் கிளாசுக்குப் போயிட்டாங்க.

"அவரே பிரிச்சு அவரே போத்திக்குவாராய்யா?"ன்னாரு பிரின்சிபால்.

சும்மா இருந்திருக்கலாம்ல? "நான் போயி போத்திட்டு வாரேன் சார்"ன்னேன்.

மறுநாள் காலையில எனக்குக் காலேஜ் காரைக் குடுத்தாங்க. கார் காலியாத்தானே போகுதுன்னு துறைத் தலைவர் ஏறிக்கிட்டாரு. போட்டோ எடுக்க ஒருத்தர். கண்ணாடி நினைவுப் பரிசை உடையாம மடியில வச்சுக்க இன்னொருத்தர். டிரைவரோட அஞ்சு பேரு. ஏசி வேற!

திருச்சியில அந்தப் பெரியவரு கதவைத் திறந்தாரு. எங்களைப் பாத்தாரு. காரைப் பாத்தாரு.

"ஏம்ப்பா... இத்தன பேரு இங்க வர்றதுக்கு, நான் ஒருத்தன் பஸ்ல அங்க வந்திருப்பேனே?"

யாரும் வாயைத் திறக்கல. நான் பொன்னாடையைத் திறந்தேன்.

திண்டுக்கல் ஹால்ல, பெரிய ஸ்கிரீன்ல, அவரு தோளுக்குப் பின்னாடி திடீர்னு நான் மொளைச்சதும் பசங்க விசில் அடிச்சிருக்காங்க. அன்னைக்குப் பேச்சோட தலைப்பு என்ன தெரியுமா? 'கருத்தரங்குகளால் வரும் கார்பனைக் குறைப்பது எப்படி?'

மனசார ஒரு 'நன்றிங்கய்யா' சொன்னா மரியாதை ஆகாதா? ஆகாதாம். ஒருத்தர் போத்தணும், ஒருத்தர் கை தட்டணும், ஒருத்தர் போட்டோ எடுக்கணும். அதுக்கு ஒரு வண்டி டீசல் எரியணும். படிச்சவங்க நாம!

திரும்பி வந்ததும் பிரின்சிபால் தீர்ப்பு சொல்லிட்டாரு. "ஆன்லைன்னாலும் கார் போகத்தான செய்யுது? அடுத்த தடவ கெஸ்டையே இங்க வரச் சொல்லிருவோம்."

ரெண்டு வருஷச் சண்டை... ரெண்டே வரியில முடிஞ்சிருச்சு.

ஸ்டாஃப் ரூம்ல மேடம் பேப்பர் திருத்திக்கிட்டிருந்தாங்க. "மன்னிச்சிருங்க மேடம், உங்களுக்கு உதவியா இருக்கட்டும்னுதான்..."ன்னு இழுத்தேன்.

நிமிரவே இல்ல.

"நீங்க என்னைய எதுத்திருந்தா நான் ஜெயிச்சிருப்பேன் சார்."