இருக்கிறவர்களின் பெயர்ப் பட்டியல்

மானிப்பாயில் "நெற்கடை" என்று நாங்கள் சொல்லும் அந்த இன்டர்நெட் கடையின் கதவைத் திறந்தால், சூடேறிய கணினிகளின் வாசமும் வெயிலில் வந்தவர்களின் வியர்வை வாசமும் ஒன்றாக முகத்தில் அடிக்கும். நாலே நாலு கணினிகள், நாலின் திரையும் வாசலைப் பார்த்தபடி இருந்ததால், யார் எதைப் பார்க்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். கனடா விசாப் பக்கத்தை விட்டு அசையாத இளைஞன், மகளுக்கு மாப்பிள்ளை தேடிக் கலியாணத் தளத்தில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கும் தகப்பன், பரீட்சை முடிவு வராத நாளிலும் அந்தப் பக்கத்தையே திறந்து பார்க்கும் பெண் என்று, ஒருவருக்கு என்ன குறை என்பதை அவர் வாய் திறக்காமலே கண்டுபிடித்துவிடலாம்.

எங்கள் அம்மா பார்த்ததோ மரண அறிவித்தல் தளம். பன்னிரண்டு வயதில் எனக்கு அது பெரிய வெட்கக்கேடு. சனிக்கிழமைதோறும் சண்டிலிப்பாயிலிருந்து என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு வருவார். அவருக்கு "மவுஸ்" பிடிபடாததால் பக்கத்தை நகர்த்துவது என் வேலை. "செத்தவீட்டுக்கு ஆள் வந்தாச்சு" என்று யாராவது சிரித்தால் எனக்குக் காது சுடும். அம்மா திரும்பியும் பார்க்கமாட்டார்.

செத்தவரின் படத்தையும் அவர் பார்ப்பதில்லை. கீழே வரும் பட்டியல்தான் அவருக்கு வேண்டும். அன்பு மகன், மருமகன், பெறாமகன் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் போட்டு, அவரவர் இருக்கும் நாட்டையும் அடைப்புக்குறிக்குள் போடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். போர் முடிந்த வருடம் காணாமல்போன என் அண்ணையைத்தான் அம்மா அந்தப் பட்டியல்களில் தேடினார்.

"அவன் எங்கையாவது போய்க் கலியாணம் கட்டியிருந்தால், மாமனோ மாமியோ செத்தால் மருமகன் எண்டு பேர் வரத்தானே வேணும்" என்றார் ஒருநாள், பொறுமையிழந்து நான் கேட்டபோது. அதற்குப் பிறகு நான் ஒரு பெயரையும் தாவிப் போனதில்லை.

அடுத்த மாரியில் அப்பா நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். கனடாவிலிருந்த மாமா, அம்மாவின் தம்பி, அறிவித்தலை எழுதித் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். அண்ணையின் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போட்டிருந்தார்.

"அதை எடு."

"அக்கா, சனம் கேட்டால் என்ன சொல்லுறது?"

"நீ கண்டனியோ? காணாமல் எழுதாதை. அவன்ரை பேரை மற்றப் பிள்ளையின்ரை பேரோடை சேர்த்துப் போடு. தொடர்புக்கு எங்கடை வீட்டு நம்பரைப் போடு. தகப்பன் செத்ததைக் கண்டால் கோல் எடுப்பான்."

கணவனின் உடல் நடு வீட்டில் கிடக்க, அம்மா அழுகையை நிறுத்திவிட்டுத்தான் இதைச் சொன்னார். அன்று எனக்கு அம்மாவின்மேல் பயங்கலந்த பெருமை வந்தது. மாமா மாற்றினார். எத்தனையோ நாடுகளிலிருந்து அழைப்புகள் வந்தன. அண்ணையின் அழைப்பு வரவில்லை.

இப்போது அந்த நெற்கடை இல்லை. அவரவர் தேவை அவரவர் உள்ளங்கைக்குள் போய்விட்டது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் எதைத் தேடுகிறார் என்று யாருக்கும் தெரியாது, கேலி செய்யவும் ஆளில்லை. அம்மா தானே கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி, காலைத் தேத்தண்ணியோடு பட்டியல்களை வாசிக்கிறார். காது மந்தமாகிவிட்டதால் வீட்டுத் தொலைபேசியை நான்தான் எடுக்கிறேன்.

போன மாதம், அதிகம் பாவிக்காத அந்த இணைப்பு எதற்கு, வெட்டிவிடுவோமா என்று கேட்டேன். அப்பாவின் அறிவித்தல் இன்னும் தளத்தில் அப்படியே கிடப்பதை அம்மா எடுத்துக் காட்டினார்.

"நான் செத்தாலும் உந்த நம்பரை நிப்பாட்டாதை. அவனுக்கு வேறை நம்பர் தெரியாது."

"ஓம்" என்றேன். மறுநாளே தொலைபேசி அலுவலகத்துக்குப் போய், அந்த இணைப்பை என் பெயருக்கு மாற்றிக்கொண்டு வந்தேன்.