குனியச் சொன்னவர்

எனக்கு டிரவுட் மீன் பிடிக்கக் கற்றுத்தந்தவர் எங்கள் தேயிலை ஃபேக்டரியின் ஃபிட்டர். வயதில் என்னைவிட இளையவர். ஆனால் அவலாஞ்சி ஓடைக்கு வந்துவிட்டால் என்னையே அதட்டுவார்.

"குனிங்க! நெழலு தண்ணியில உழுந்தா மீனு ஓடிப்போயிருமுங்க."

கரையில் அவர் நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. கூடவே குனிந்து குனிந்து எனக்கு முதுகுவலி உயிரை எடுக்கும்.

அவர் இறந்த பிறகு ஒரு ஞாயிறு மாலை தனியாகப் போனேன். இனி யாருக்காகக் குனிய வேண்டும் என்ற வீம்பில், நெஞ்சை நிமிர்த்தி நின்று தூண்டிலை வீசினேன். வெயில் முதுகில் அடித்தது. மீன் உடனே கடித்தது. வெற்றிச் சிரிப்போடு கீழே பார்த்தேன்.

நான் நிமிர்ந்துதான் நின்றிருந்தேன். தண்ணீரில் கிடந்த என் நிழல் குனிந்திருந்தது.