கட்டைவிரலுக்கு எதிரே ஒரு சுவர்

கன்னியம்மாளின் வலது கையில் மிச்சமிருந்தது கட்டைவிரல் ஒன்றுதான். எழுபத்தெட்டாம் வருஷம் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கடலை உடைக்கிற மெஷின் மற்ற நான்கையும் வாங்கிக்கொண்டது. அறுவடைக் காலத்தில் மட்டும் அங்கே கூலிக்குப் போவாள். மற்றபடி அவளுக்குக் கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டுக் கடை. தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரம் அடுக்கி நீட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நீட்டுவதில்தான் சிக்கல். காயம் ஆறிக் கடை போட்ட அன்று இடது கையால் தட்டைக் கொடுத்தாள். வாங்க வந்தவள் சட்டென்று பின்னால் நகர்ந்தாள்.

“சாமி தட்ட பீச்சாங்கையாலயா குடுப்ப?”

இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தாள். மழுங்கிய பக்கம் தட்டு வழுக்கியது. பக்கத்துக் கடை பச்சையம்மாள் மனசு கேட்காமல் சில நாள் அவளுக்காகத் தட்டுகளை எடுத்து நீட்டினாள். வந்தவர்கள் அடுத்த முறை நேராகப் பச்சையம்மாள் கடைக்கே போனார்கள்.

“என் கை ராசிடி, நான் இன்னா பண்ண?” என்றாள் அவள். கன்னியம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

ஜட்கா ஓட்டும் புருஷன் கோதண்டராமன் அவளை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். செயற்கை உறுப்பு செய்யும் பிரிவில் வேணு என்பவர் ஒரு ரப்பர் கையை மாட்டிவிட்டார். நகம், ரேகை எல்லாம் இருந்தது. நிறம்தான் கொஞ்சம் ஜாஸ்தி சிவப்பு.

“நம்மூரு ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளக்காரி எவளாச்சும் கைய மறந்துட்டுப் போயிட்டாளாடி?” என்றாள் பச்சையம்மாள்.

கன்னியம்மாளோ அதற்கு மோதிரம் போட்டு அழகு பார்த்தாள். ஆனால் ரப்பர் விரல்கள் மடங்காது. புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று வந்தபோது தட்டு சாய்ந்தது. தேங்காய் உருண்டு பச்சையம்மாள் கடைக்குள் போய் நின்றது. மாமியார்க்காரி முகம் செத்துவிட்டது. கன்னியம்மாள் அப்போதே கடையைக் கட்டினாள்.

“கார்த்திகை தீபத்துக்குள்ள என் கையால நீட்ட முடியலன்னா, கடையே வேணாம்ங்க” என்றாள் புருஷனிடம்.

மறுபடியும் மெட்ராஸ். இந்தத் தடவை வேணு ஒரு இரும்புக் கொக்கியை எடுத்து வைத்தார்.

“இது நல்லாப் புடிக்கும்மா.”

“இத நீட்டுனா கொழந்தைங்க ஓடும் சார்.”

“சரி, உனக்கு இன்னாதான் வேணும்?”

அவள் கட்டைவிரலை மேஜை விளிம்பில் அழுத்தி, நடுவில் முந்தானையைக் கவ்விக் காட்டினாள். “வெரலு வேணாம் சார். இது போய் முட்டறதுக்கு எதிர ஒரு செவுரு இருந்தாப் போதும்.”

வேணு கொக்கியை உள்ளே எடுத்து வைத்தார். பிறகு உள்ளங்கை அளவுக்கு ஒரு அலுமினியத் தகடு வளைத்து, மணிக்கட்டில் கட்டத் தோல் பட்டையை எடுத்தார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“தோலா? சாமி தட்டத் தொடற கை சார்.”

“தோலுதான்மா ஒழைக்கும். கோயில்ல மேளம் அடிக்கறாங்களே, அது இன்னா?”

“மேளத்துல தேங்கா பழம் வெச்சு யாரும் சாமிக்குக் காட்டலயே.”

வேணு சிரித்துவிட்டார். தோலை ஓரமாக வைத்துவிட்டுக் கித்தான் துணியில் பட்டை தைத்தார். தட்டைப் பிடித்துப் பார்த்தால் தகட்டில் வழுக்கியது. கன்னியம்மாள் பையிலிருந்து அந்தச் சிவந்த ரப்பர் கையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மோதிரத்தை மட்டும் கழற்றிக்கொண்டாள்.

“இதுல இருந்து வெட்டி ஒட்டுங்க சார்.”

தீபத்தன்று காலையில் கூட்டம் நெரிந்தது. செங்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் கடை முன்னால் நின்றாள். கன்னியம்மாள் தட்டை அடுக்கி, கட்டைவிரலால் தகட்டோடு இறுக்கி வலது கையை நீட்டினாள். அந்த அம்மாள் தகட்டையும் பார்த்தாள், அதில் ஒட்டியிருந்த ரப்பர் நகத்தையும் பார்த்தாள்.

“சோத்தாங்கைதானே இது?”

“ஆமாங்கம்மா.”

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பச்சையம்மாள் தன் கடையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “போச்சுடி. இனிமே எனக்குத் தேங்கா உருண்டு வராது.”

கன்னியம்மாள் அடுத்த தட்டுக்குப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.